எருமை விமானத்துக்கு ஆயுத பூஜை

எதையும் சரியாகச் சொல்ல வேண்டும் என்று நினைப்பது நல்ல குணம். யாரும் கேட்காதபோதும் சொல்லியே தீர வேண்டும் என்று நாக்கு துடித்தால் அது வியாதி. எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்த காலத்தில் நடந்தது இது. (இப்போதும் குணமாகவில்லை. அடக்கி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.)

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பகலெல்லாம் பம்பரில் கீறல் தேடுவேன். வீட்டுக்கு வந்ததும், பொழுதுபோக்கு என்ற பெயரில், அதைவிடச் சின்ன பிளாஸ்டிக்கில் அதைவிடச் சின்னக் கீறல் தேடுவேன். பழைய போர் விமானங்களின் மாடல் செய்வதுதான் என் பைத்தியம். பெட்டியில் வரும் துண்டுகளை வெட்டி, ஒட்டி, தேய்த்து, வர்ணம் அடித்தால் உள்ளங்கை இரண்டையும் விரித்து ஏந்தும் அளவுக்கு ஒரு விமானம் கிடைக்கும். என் கணவர் தனசேகர் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். "நான் தூக்கற கண்டெய்னர் மேல இத்த வெச்சா கொசு குந்திகினு இருக்கற மாரி இருக்கும்" என்பார். கலையை அவ்வளவு மதிக்கிற குடும்பம்.

அந்த வருடம் நான் செய்தது பஃபலோ என்கிற விமானம். எருமை என்ற பெயருக்குக் குறை வைக்காத உருவம்: குட்டை, உருண்டை, முகத்தில் ஒரு சலிப்பு. அமெரிக்காவில் செய்யப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் பின்லாந்துக்காகப் பறந்தது. சிக்கல் அதன் உடம்பில் இருந்த சின்னம்தான். வெள்ளை வட்டத்துக்குள் நீல ஸ்வஸ்திக். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே பின்லாந்து விமானப்படை எடுத்துக்கொண்ட சின்னம் அது. ஆனால் ஐரோப்பாவில் அந்த வடிவத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் ஹிட்லர் ஞாபகம்தான் வரும். அதனால் கிட் தயாரித்தவர்கள் பெட்டிப் படத்தில் அதை அழித்துவிட்டு, ஸ்டிக்கரை மட்டும் இரண்டு பாதியாகக் கொடுத்திருந்தார்கள். வேண்டுமானால் நாமே சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. 'வரலாற்றைத் துண்டு போட இவர்கள் யார்?' என்று மாடல் செய்பவர்களின் வாட்ஸாப் குழுவில் எழுதினேன். 'பாக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க மேடம்' என்றார் ஒருவர். 'பார்க்கிறவர்கள் படித்துவிட்டு வந்து பார்க்கட்டும்' என்று பதில் போட்டேன். பிறகு பூதக்கண்ணாடி வைத்து, கோடு தெரியாமல் இரண்டு பாதிகளையும் சேர்த்தேன். உலகப் போரில் நானே ஜெயித்த மாதிரி இருந்தது.

இந்த நேரத்தில் கம்பெனியில் ஆயுத பூஜை வந்தது. கூடவே ஜெர்மனியிலிருந்து வாடிக்கையாளர் கம்பெனியின் அதிகாரி ஹைக்கே என்ற பெண்மணியும் வந்தார். புதிய பாகங்களைச் சோதித்து ஒப்புதல் கொடுக்க ஒரு குழு அமைப்பதாக இருந்தது. அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கப் போவது அவர்தான். அந்த வேலைக்காக நான் வருடக்கணக்காகக் காத்திருந்தேன். உற்பத்தி லைனிலேயே நின்று ஓய்வு பெற்றுவிடுவேனோ என்ற பயம் எனக்கு உண்டு.

எங்கள் அட்மின் மேலாளர் பாலு, விருந்தாளியை அசத்த ஒரு யோசனை செய்தார். "ரிசப்ஷன்ல ஒரு டேபிள் போடறோம். உங்க திறமைய எட்தாந்து வைங்க." ஒருத்தர் தஞ்சாவூர் ஓவியம் கொண்டுவந்தார். ஒருத்தர் போன்சாய். நான் எருமையைக் கொண்டுபோனேன்.

ஜெர்மனிக்காரர் வருகிறார் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். 'மற்றவர்களுக்கு எங்கே புரியப்போகிறது, அவருக்குத்தான் இந்த வித்தியாசம் புரியும்' என்பது என் கணக்கு. இன்ஜினின் குதிரைசக்தி முதற்கொண்டு எழுதிய ஒரு விளக்க அட்டையையும் பக்கத்தில் வைத்துவிட்டு, லைனைப் பார்க்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ரிசப்ஷன் முழுக்க சாம்பிராணிப் புகை. ஹவுஸ்கீப்பிங் வள்ளியக்கா, பிரிண்டர், டெலிபோன், தண்ணி கேன் ஸ்டாண்டு என்று எதையும் விடாமல் பொட்டு வைத்துக்கொண்டே வந்து என் விமானத்துக்கு முன்னால் நின்றிருந்தார். மூக்கில் சந்தனம். இறக்கையில் சாமந்தி மாலை. ஸ்வஸ்திக்கின் நாலு மூலைக்குள்ளும் அழகாக நாலு குங்குமப் புள்ளி.

"இன்னாக்கா இது!"

"நீயே ஸ்வஸ்திக் போட்டு எட்தாந்துக்கீறியே மேடம், புள்ளிதான் வெக்காம உட்டுட்ட. நான் வெச்சிட்டேன். எலுமிச்சம்பழம் நசுக்கினா முடிஞ்சிச்சி."

அப்போதுதான் பார்த்தேன். முன் சக்கரங்களுக்குக் கீழே ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். ஒவ்வொன்றும் சக்கரத்தைப்போல மும்மடங்கு பெரியது. எருமை மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றது. "தள்ளாதீங்கக்கா!" என்று நான் கத்தவும், அவர் பக்தியோடு ஒரு தள்ளு தள்ளவும் சரியாக இருந்தது. பழம் நசுங்கவில்லை. மடக் என்று கால் இரண்டும் ஒடிந்தன. ஒரு பழம் மேசையிலிருந்து விழுந்து உருண்டு ஓடியது. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்த ஒரு வெள்ளை ஷூவில் இடித்து நின்றது.

ஹைக்கே குனிந்து பழத்தைப் பார்த்தார். நிமிர்ந்து விமானத்தைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

பக்கத்தில் வந்த பாலு அதைக் கவனித்தார். ஆனால் தப்பாகப் புரிந்துகொண்டார். சின்னத்தைக் காட்டி, பெருமை பொங்க, ஆங்கிலத்தில் சொன்னார்: "எங்கள் ஊரின் அதிர்ஷ்டச் சின்னம், மேடம். உங்கள் நாட்டில்கூட இது மிகவும் பிரபலம் அல்லவா!"

இந்த இடத்தில் புத்தியுள்ள ஒருத்தி என்ன செய்திருப்பாள்? மாலையை இழுத்துச் சின்னத்தை மூடியிருப்பாள். மன்னிப்புக் கேட்டிருப்பாள். மயங்கி விழுவதுகூட நல்ல யோசனைதான். நான் கால் ஒடிந்த எருமையைக் கையில் ஏந்திக்கொண்டு முன்னால் போய் நின்று, அந்த ஜெர்மன் பெண்மணிக்கு ஸ்வஸ்திக் பற்றி வகுப்பெடுத்தேன்.

"இது பின்லாந்துடையது, மேடம். இது நீலம், உங்களுடையது கறுப்பு. இது நேராக இருக்கிறது. உங்களுடையது நாற்பத்தைந்து டிகிரி சாய்ந்திருக்கும்!"

உங்களுடையது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சொன்னேன். அவரே அதை வீட்டில் கழுவித் துடைத்து வைத்திருப்பதுபோல.

"கோணம் சரிதான்" என்றார் ஹைக்கே மெதுவாக. என் அட்டையை எடுத்து முழுதும் படித்தார். "பின்லாந்துக்கு முதல் விமானத்தைப் பரிசாகக் கொடுத்தவர் ஒரு சுவீடன் பிரபு. இது அவருடைய சொந்த அதிர்ஷ்டச் சின்னம். பிற்காலத்தில் அவர் எங்கள் நாட்டு நாஜித் தலைவர்களுக்கு நெருக்கமாக இருந்தார். குதிரைசக்தியெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அதை ஏன் எழுதவில்லை?"

அது எனக்குத் தெரியும். எங்கேயோ படித்திருந்தேன். என் வாதத்துக்கு இடைஞ்சல் என்று மறந்துபோயிருந்தேன்.

"என் தம்பியும் மாடல் செய்வான்" என்றார் அவர். "ஜெர்மன் விமானங்களின் வாலில் ஸ்வஸ்திக் வர வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிடுவான். ஏன் என்று யாராவது கேட்டால் உட்காரவைத்துச் சொல்வான். எங்கள் வீட்டில் நாஜிக் காலத்துக் கதையைப் பேச ஆரம்பித்ததே அப்படித்தான்."

அழுகை வந்துவிட்டது. வள்ளியக்கா அதற்கு வேறு காரணம் கண்டுபிடித்தார். "அழுவாத மேடம். பழம் நசுங்கலன்னா இன்னா, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லி, விருந்தாளிக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டார். ஹைக்கே, "இந்த நாலு புள்ளிகளும் பின்லாந்துச் சின்னத்தில் உண்டா?" என்று என்னைக் கேட்டார்.

வியாதி எங்கே விடும்? "இல்லை மேடம். அது வரலாற்றுப் பிழை" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அவர் சிரித்த சிரிப்பில் பாலுவுக்கு உயிர் வந்தது.

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறு கம்பெனிகளில் ஆள் எடுக்கிறார்களா என்று போனில் தேடிக்கொண்டிருந்தபோது கான்ஃபரன்ஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஹைக்கே ஒரு கதவுப் பாகத்தை என் முன்னால் வைத்து, "என்ன குறை?" என்றார். திருப்பிப் பார்த்து மூன்று சொன்னேன். அவர்கள் ஆட்கள் கண்டுபிடித்திருந்தது இரண்டுதான்.

"விருந்தாளியிடமே கோணத்துக்குச் சண்டை போடுகிறவர் மோசமான பாகத்தை விடமாட்டார்" என்று பாலுவிடம் சொன்னாராம். என்னிடம் சொன்னது வேறு: "அளவு சரியா என்று பார்க்க உங்களுக்குத் தெரிகிறது. அதைப் பார்க்கப்போவது யார் என்றும் கொஞ்சம் பாருங்கள்."

இப்போது அந்தக் குழுவில்தான் இருக்கிறேன். எருமைக்குக் கால் ஒட்டிவிட்டேன். அட்டையைப் புதிதாக எழுதினேன். சுவீடன் பிரபுவும் இருக்கிறார், அந்த வடிவத்தைக் கண்டால் இன்றும் யாருக்கு வலிக்கும் என்பதும் இருக்கிறது. குதிரைசக்திக்கு இடமில்லாமல் போய்விட்டது. அடுத்து செய்த ஜெர்மன் விமானத்தின் வாலை வெறுமையாகவே விட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். உட்காரவைத்துச் சொல்கிறேன்.

தனசேகரிடம் இதைச் சொன்னதுதான் என் பெரிய தப்பு. தோசையை அவர் கோணலாக மடித்து நான் ஒரு பார்வை பார்த்தால் போதும், "உங்க்ளுது நாப்பத்தஞ்சு டிகிரி!" என்று கூவுவார். போன மாதம் புது ஸ்கூட்டருக்குப் பூஜை போட்டோம். குருக்கள் முன்பக்கத்தில் சந்தனத்தால் ஸ்வஸ்திக் வரைந்தார். லேசாகச் சாய்ந்துவிட்டது. நான் வாயே திறக்கவில்லை, சத்தியமாக. ஆனால் சுற்றி நின்ற மொத்தக் குடும்பமும் ஸ்கூட்டரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தது.

என் மாமியார்தான் கேட்டார்: "இன்னாம்மா, எத்தினி டிகிரி?"

"பன்னெண்டு" என்றேன். என்னையும் மீறி வந்துவிட்டது.