குளியல் கூடத்தில் தொங்கிய உடைகள்

பாதாளத்தின் இருளையும் பகலாகக் காணும் எல்லாம் வல்ல இறைவனுக்கு மகிமை. சுரங்கத்தாரின் பாதுகாவலியான புனித பார்பராவின் பரிந்துரை நம்மைக் காப்பதாக.

மடத்து முதியோர் இல்லத்தின் தலைவியும் என் அன்புத் தங்கையுமாகிய அருட்சகோதரி சலோமேயாவுக்கு அண்ணன் தெயோஃபில் எழுதுவது. உன் இடுப்புவலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். உன் இல்லத்தில் எனக்கொரு கட்டில் கிடைக்குமா? சன்னல் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. வெளிச்சத்தில் முகம் காட்டும் தகுதியை இழந்துவிட்டேன்.

நம் சுரங்கம் மூடப்பட்டுக் கலைக்கூடமான நாள்முதல், சனிக்கிழமைதோறும் அதைச் சுற்றிக்காட்டும் பணி என்னுடையது. உன் அண்ணி மறைந்தபின் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பி வந்தது அந்த ஒரு நாள்தான். சென்ற சனியன்று பழைய மீட்புக் குழுத் தலைவர் ஹூபர்ட்டும் அவர் தோழர்களும் வந்திருந்தார்கள். அவர்களைக் குளியல் கூடத்துக்கு அழைத்துச் சென்று, "இறங்குமுன் உடையைக் கொக்கியில் மாட்டிச் சங்கிலியால் கூரைக்கு ஏற்றுவோம், மேலே உடை தொங்கினால் அதற்குரியவன் இன்னும் பூமிக்குள் இருக்கிறான்" என்று வழக்கம்போல் விளக்கி, வழக்கம்போல் வெறுங் கொக்கிகளைக் காட்டக் கையை உயர்த்தினேன். கூரை நிறைய உடைகள்!

வார்சாவிலிருந்து வந்த கலைஞர் கலினா, என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் முந்தின மாலை தொங்கவிட்ட படைப்பு அது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஹூபர்ட்டின் தொப்பி தரையில் விழுந்தது. "டேய் தெயோஃபிலு, இத்தன பேரு கீழ மாட்டிக்கிட்டுக் கெடக்கானுங்க, நீ இங்க நின்னு கத சொல்லிக்கிட்டிருக்கியாடா!" சுரங்கம் மூடியது என் அறிவுக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை; அது அபாயச் சங்கின் பிடியை இழுத்துவிட்டது. கச்சேரி ஒன்றுக்காகப் புதுப்பித்திருந்த அந்தப் பாழாய்ப்போன சங்கு ஊர் முழுக்க அலறியது. பெண்கள் ஜெபமாலையோடு வாசலை அடைத்தார்கள். பங்குச் சாமியார் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார். ஹூபர்ட் நேரே சுரங்கத்துக்குள் இறங்கும் குழிவாய்க்குப் போனார். அங்கே இப்போது காப்பிக் கடை.

"மேசைய நகத்துடா!"

"தாத்தா, கீழ காங்கிரீட் கொட்டி மூடியாச்சு" என்றான் கடைப் பையன்.

"அப்ப என்ன பேச்சு? தோண்டு!"

கலினா அழுதுகொண்டே, "ஐயா, அது வெறும் துணி! உள்ள யாருமே இல்ல, அதான் அதோட அர்த்தமே!" என்றார்.

"யாருமில்லன்னு யாரு எறங்கிப் பாத்தது?" என்றார் ஹூபர்ட்.

உடைகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜெபம் சொன்ன பிறகே பெண்கள் வாசலை விட்டு நகர்ந்தார்கள். படைப்பு பாழ். கலைக்கூட இயக்குநர் இவோனா அம்மையார் என் சாவியை வாங்கிக்கொண்டு, "தெயோஃபில் ஐயா, இனிமே வீட்ல நிம்மதியா ரெஸ்ட் எடுங்க" என்றார். நிம்மதியாம்! எனக்கு இனி எதற்குச் சனிக்கிழமை? பெட்டியைக் கட்டிவிட்டேன், தங்கையே, மறுக்காதே.

உன் இல்லத்து அடுப்பு அணையாதிருக்கவும், அங்குள்ள முதியோர் அனைவரும் நோவின்றி உறங்கி நலமே விழிக்கவும் ஆண்டவர் அருள்வாராக.

உன் அண்ணன்,
தெயோஃபில்

பி.கு.: கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. கலினா கசகசா கேக்கோடு இப்போதுதான் வந்து போனார். மூலையில் ஒரு சட்டை இறங்காமல் இருப்பதை இன்று காலை கண்டுபிடித்தார்களாம். சங்கிலி உருளையில் துரு. பெண்கள் மறுபடி வாசலில். ஹூபர்ட் தேநீர்க் குடுவையோடு அதன் கீழே உட்கார்ந்துகொண்டு கூடத்தைப் பூட்ட விடமாட்டேன் என்கிறார். சட்டை இறங்கும்வரை நானே பொறுப்பு என்று இவோனா அம்மையார் சாவியைத் திருப்பி அனுப்பிவிட்டார். நாலு சொட்டு எண்ணெய் விட்டால் போதுமாம்; எண்ணெய்க் குப்பியைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். அது என் கோட்டுப் பையில் இருக்கிறது. எனக்காக ஜெபித்துக்கொள்.