சம்பளம் விசாரிக்க வந்தவர்

"முந்நூறுன்னு சொல்லிட்டேன் மதினி," என்றாள் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள், வாசற்படி ஏறுவதற்கு முன்பே.

பொன்னுத்தங்கம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள். "எதை?"

"உங்க மவன் சம்பளத்தைத்தான். சிவகாசிக்காரரு ஒருத்தரு காரைப் போட்டுக்கிட்டு வந்து முக்குக் கடையிலே நின்னு விசாரிக்காரு. அய்யாதுரைன்னு ஒரு இஞ்சினியர் இந்தத் தெருதானா, குடும்பம் எப்படி, குடி உண்டுமா, சீட்டு உண்டுமா, அம்புட்டையும் கேட்டாரு. கடைசியிலே சம்பளம் எம்புட்டுன்னாரு. கடைக்காரன் வாயைத் தொறக்கதுக்குள்ளே நான் முந்திக்கிட்டேன்."

உள்ளே சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அய்யாதுரை ஊசியோடு வெளியே வந்தான்.

"அத்தே, என் சம்பளம் நூத்தி இருபத்தஞ்சு."

"அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சதுனாலதானே முந்நூறுன்னேன்."

விருதுநகரில் கல்யாணமாகாத ஒரு பையனைப் பற்றி வெளியூர்க்காரர் இத்தனை கேள்வி கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். போலீஸ்காரர்கூட இவ்வளவு அக்கறையாக விசாரிக்க மாட்டார். பெண்ணைப் பெற்றவர்தான் விசாரிப்பார்.

அய்யாதுரை பி.இ. முடித்த வருஷம் பார்த்து நாட்டில் இஞ்சினியர்கள் தேவைக்கு மேல் விளைந்துவிட்டார்கள். வரத்து கூடினால் விலை இறங்கும் என்பதை வத்தல் வியாபாரம் செய்கிற ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி போட்ட பெரியவர் ஒருவர், நாளைய இந்தியாவைக் கட்டப்போவது நீங்கள்தான் என்று இங்கிலீஷில் முழங்கினார். அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று அவரும் சொல்லவில்லை. கைதட்டிய சத்தத்தில் இவர்களும் கேட்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டு, கட்டடக் காண்ட்ராக்டர் ஊர்க்காவலனிடம் போய்ச் சேர்ந்தான். ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதற்கு எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்டு, எவ்வளவு கம்பி, என்ன கூலி என்று கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை. வருஷம் திரும்பியதும் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டான். ஊர்க்காவலன் பதவியைக் கூட்டிக் கொடுத்தார்.

"இன்னையிலேருந்து நீ குவாண்டிட்டி சர்வேயர்லே. லண்டன்லே இந்தப் பேரைச் சொன்னா தொப்பியைக் கழட்டுவான்."

சிவகாசியில் அந்தப் பதவியை அச்சடித்துக் கார்டும் போட்டுக் கொடுத்தார். அச்சுக் கூலியை அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பதவியால்தான் முதல் சம்பந்தம் போயிற்று. சர்வேயர் என்ற பேரைக் கேட்டதும் நிலம் அளக்கிற சர்க்கார் உத்தியோகம் என்று நினைத்து, "மேல் வரும்படி நல்லா வருமே" என்று சாத்தூர்க்காரர் ஒருவர் முகம் மலர வந்தார். பையன் கல் நடுகிற சர்வேயர் இல்லை, கல் எண்ணுகிற சர்வேயர் என்று தெரிந்ததும் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். இரண்டாவது சம்பந்தம் சம்பளத்தால் போயிற்று. "எங்க தீப்பெட்டி ஆபீஸ் கங்காணிக்கே நூத்தம்பது குடுக்கோம்" என்றார் திருத்தங்கல்காரர். கேலியாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மனுஷன் உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

"அவரு நெசம் தெரிஞ்சு திரும்பிப் போறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிருவோம்மா," என்றான் அய்யாதுரை.

"ஒரு தடவை நெசத்தைச் சொன்னோம். ரெண்டாந் தடவையும் நெசத்தைத்தான் சொன்னோம். நெசம் நமக்கு ராசியில்லே ராசா. இதுவும் போச்சுன்னா இந்தத் தெருவிலே உனக்குன்னு ஒருத்தி வந்து கோலம் போடுவான்னு நான் நெனைக்கலே."

"மொதலாளிகிட்டே போய்க் கேட்டா?"

"கேக்கத்தான் செய்வாக. நீ முந்திப் போய்ச் சொல்லி வையி."

ஊர்க்காவலனின் ஆபீசில் அவருடைய படங்கள்தான் சுவர் முழுக்க. மாலையோடு நிற்பவர், மாலை போடுபவர், மாலைக்காகக் காத்திருப்பவர். அத்தனைக்கும் நடுவில் அவரும் உட்கார்ந்திருந்தார். அய்யாதுரை விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

"முந்நூறா?"

"மன்னிக்கணும் மொதலாளி. நீங்க தர வேண்டாம். யாராச்சும் கேட்டா ஒரு பேச்சுக்கு."

"பேச்சுக்குன்னாலும் ஒரு மட்டு மருவாதி வேண்டாமாலே? ஊர்க்காவலன் தன் இஞ்சினியருக்கு வெறும் முந்நூறு குடுக்கான்னு சிவகாசி பூராவும் பேசணுமா? நானூத்தம்பதுன்னு சொல்லுதேன். வருசா வருசம் அம்பது இங்கிரிமெண்டு. அஞ்சு வருசத்திலே கம்பெனியிலே பங்கு."

"அம்புட்டு வேண்டாம் மொதலாளி. முந்நூத்தி இருபத்தஞ்சோட நிறுத்திக்கிடுங்க."

"எங்கிட்டே பேரம் பேசாதே. நான் சொன்னாச் சொன்னதுதான்."

சம்பள விஷயத்தில் முதலாளியோடு கீழ்நோக்கிப் பேரம் பேசித் தோற்றவன் அந்த ஜில்லாவிலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

சிவகாசிக்காரர் பெயர் சீனிவாசகம். பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். ஒரு கிரகப்பிரவேசப் பந்தியில் ஊர்க்காவலனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, "உங்ககிட்டே அய்யாதுரைன்னு ஒரு பையன் இருக்கானாமே" என்று மெதுவாகத்தான் கேட்டார். ஊர்க்காவலனுக்கு மெதுவாகப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. நானூத்தம்பதும் இங்கிரிமெண்டும் பங்கும் பந்தியின் கடைசி இலைவரை போயின. கடைசி இலையில் அவருடைய கணக்கர் கருப்பணன் இருந்தார்.

கருப்பணனுக்கு வயசு ஐம்பதுக்கு மேல். ஊர்க்காவலன் ஒற்றை மாட்டு வண்டியில் மணல் அடித்த காலத்திலிருந்து கூட இருப்பவர். மறுநாள் காலையில் அவர் நாற்காலியில் உட்காரவில்லை. லாரி டிரைவரும் கொத்தனார்களும் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

"நேத்து வந்த பையனுக்கு நானூத்தம்பது குடுக்கீகளாம். நல்லாக் குடுங்க. எங்களுக்கும் ஒரு வழி சொல்லுங்க," என்றார் கருப்பணன்.

நானூத்தம்பது பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்திருக்கும். ஆனால் ஊர்க்காவலன் பந்தியில் பொய் சொன்னார் என்று ஆகிவிடும். அதற்கு ஒரு ஆளின் வேலையே போவது மேல் என்று அவருக்குப் பட்டது. சொந்த வேலை போவதாக இருந்தால் வேறு மாதிரிப் பட்டிருக்கலாம்.

"சம்பளம் கட்டுப்படியாகலேன்னுதான் அவனை இந்த மாசத்தோட நிறுத்துதேன்," என்றார். கூட்டம் கலைந்தது. பிறகு அய்யாதுரையைக் கூப்பிட்டு, "உனக்கென்னலே, மாமனாரு பட்டாசுக் கம்பெனிக்காரரு. உள்ளங்கையிலே வச்சுத் தாங்குவாரு. உன் எடத்துக்கு என் மச்சினன் மவன் நூத்திப் பத்துக்கு வாரான்," என்றார்.

அய்யாதுரை வீட்டுக்கு வந்து, வேலை போய்விட்டது என்றான்.

"கல்யாணம் முடியற வரைக்கும் வெளியே சொல்லிராதே," என்றாள் பொன்னுத்தங்கம். இனி இந்தச் சம்பந்தம் தவறினால் மருமகளும் இல்லை, சோறும் இல்லை என்பது அவளுக்கும் புரிந்தது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவதாக முக்குக் கடையில் சொல்லியனுப்பியிருந்தார் சீனிவாசகம். நானூத்தம்பது ரூபாய் சம்பளக்காரன் வீட்டில் உட்காரப் பெஞ்சு மட்டும் இருந்தால் நன்றாக இருக்காது. தெருவில் நாலு வீட்டிலிருந்து நாலு விதமான நாற்காலிகள் வந்தன. பஞ்சம்மாள் தன் வீட்டு மேஜை விசிறியைத் தூக்கி வந்து நடுவில் வைத்தாள். சொருகுவதற்கு அந்த வீட்டில் கரண்ட் கிடையாது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சீனிவாசகம் ஒல்லியாக, சாதாரண வேட்டி சட்டையில் இருந்தார். பணம் இருப்பவர் மாதிரியே தெரியவில்லை. அப்படியென்றால் நிறைய இருக்கும் என்று பொன்னுத்தங்கம் முடிவு செய்தாள்.

"தம்பி சிவகாசிப் பக்கம் வந்து தங்கச் சம்மதிப்பாகளா?" என்று ஆரம்பித்தார், ஓடாத விசிறியைப் பார்த்துக்கொண்டே.

வீட்டோடு மாப்பிள்ளை கேட்கிறார். பொன்னுத்தங்கம் மகனை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அங்கன வந்து இருக்கதுக்கு என்ன. இங்கனயிருந்து பஸ்ஸு போகுதுல்லா."

"வெளிப்படையாச் சொல்லிருதேன். எங்க எடம் கொஞ்சம் சூடான எடம். ஒரு பொறி பட்டாப் போதும். பக்குவமா, நிதானமா நடந்துக்கிடணும்."

"பொண்ணு கோவக்காரி போல," என்று கதவுக்குப் பின்னாலிருந்து பஞ்சம்மாள் முணுமுணுத்தாள்.

"எம் மவன் பச்சைத் தண்ணி அண்ணாச்சி," என்றாள் பொன்னுத்தங்கம்.

"தண்ணியும் எங்களுக்கு ஆகாதே," என்று சிரித்தார் அவர். உடனே முகம் வாடியது. "முன்னாடி ஒரு எடத்திலே நல்லா விசாரிக்காம, அவசரப்பட்டு முடிச்சோம். ஆறு மாசம்கூட நெலைக்கலே. பெரிய சங்கடமாப் போச்சு. அதான் இந்தத் தடவை நானே நேர்ல வந்தேன்."

பொன்னுத்தங்கம் காபி எடுக்கப் போவதுபோல் உள்ளே போனாள்.

"கேட்டீகளா மதினி? ஏற்கெனவே ஒருத்தனுக்குக் குடுத்துத் திரும்பி வந்த பொண்ணு."

"வந்தா வந்துட்டுப் போகுது. வாசல்லே கார் நிக்கி," என்றாள் பஞ்சம்மாள். "யோசிச்சுப் பாருங்க. அவுக பக்கம் ஒரு ஓட்டை இருக்கு. அப்ப நம்ம பக்கம் இன்னும் கொஞ்சம் ஏத்திச் சொல்லலாமுல்லா?"

காபி போனது. சீனிவாசகம் ஒரு வாய் குடித்துவிட்டுத் தயங்கினார்.

"சம்பளம்... ஊர்க்காவலன் ஒரு கணக்குச் சொன்னாக. அதுலே கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்லா?"

சந்தேகப்படுகிறார். பொன்னுத்தங்கத்துக்கு அப்படித்தான் பட்டது.

"ஐயா," என்று அய்யாதுரை எழுந்தான். "அந்தச் சம்பளம் வந்து..."

தாய் அவனைப் பார்த்தாள். அடுத்த மாதத்திலிருந்து அந்த நூற்றி இருபத்தைந்தும் கிடையாது என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. உண்மையைச் சொல்வதானால் இப்போது பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். மெதுவாக உட்கார்ந்தான். உட்கார்ந்த நாற்காலி யார் வீட்டதோ, ஒரு கால் குட்டை, ஆடியது.

"ஊர்க்காவலன் அண்ணாச்சி சொன்னது பழைய கணக்கு," என்றாள் பொன்னுத்தங்கம், சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு. "மெட்ராஸ் கம்பெனிக்காரன் ஒருத்தன் அறுநூறு தாரேன்னு ஒத்தக்கால்லே நிக்கான். இவன்தான் பெத்தவளை விட்டுப் போகணுமான்னு யோசிக்கான்."

"அறுநூறு," என்றார் சீனிவாசகம்.

"ஆரம்பமே அறுநூறு. போகப் போக எங்கன போய் நிக்குமோ."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக் காபி அப்படியே இருந்தது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ரொம்ப சந்தோசம் தாயி. தம்பி பெரிய எடத்துக்குப் போக வேண்டியவரு. அவரைக் கூட்டிட்டுப் போயி, வச்சு, கௌரவமா நடத்த எங்களுக்குத் தெம்பு காணாது. தப்பா நெனைக்கக் கூடாது. வேற எடம் பாத்துக்கிடுதோம்."

பொன்னுத்தங்கம் வாசல் வரை பின்னால் ஓடினாள். "கொடுக்கல் வாங்கல்லே நாங்க ஒண்ணும் கறார் கெடையாது அண்ணாச்சி. உங்களாலே ஏண்டதைச் செய்யுங்க."

"அது உங்க பெரிய மனசு," என்று கும்பிட்டுவிட்டு, முக்குக் கடைப் பக்கம் சோடா குடிக்க நடந்தார் சீனிவாசகம்.

நாற்காலிக்காரர்கள் நாற்காலிகளை எடுத்துப் போக வந்தார்கள். அய்யாதுரை எழுந்து கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். பஞ்சம்மாள் விசிறியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கார் டிரைவர் ராக்கப்பன், எஞ்சினுக்கு ஊற்ற ஒரு வாளி தண்ணீர் கேட்டு வந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பொன்னுத்தங்கம் மொண்டு கொடுத்தாள். மனசு கேட்கவில்லை.

"ஏன்ப்பா, எம்புட்டு ஏத்திச் சொன்னாலும் உங்க மொதலாளிக்கு மனசு எறங்கலியே. அந்தப் பொண்ணுக்குத்தான் எங்க வீட்டிலே வாழக் குடுத்து வைக்கலே. எப்படி இருக்கும் பொண்ணு? ரொம்பக் கோவமோ?"

வாளியைத் தூக்கியவன் அப்படியே நின்றான்.

"பொண்ணா? எங்க மொதலாளிக்கு நாலும் ஆம்பளப் பிள்ளைக தாயி. புதுசாக் கட்டுற பட்டாசு ஆபீசுக்கு ஒரு இஞ்சினியரை வேலைக்கு வைக்கணும், அடுத்த மொதலாளி ஆளை நேராக் கூப்பிட்டா அசிங்கம்னு இப்படி வீடு வீடாச் சுத்தி வளைச்சு விசாரிக்காக, ஒருத்தரும் நானூறுக்குள்ளே அமைய மாட்டேங்காக."