அறுபது வாட் மாப்பிள்ளை

இரும்புலியூர்,
12-11-1968

கர்த்தருக்குள் அன்பான ஹில்டா அத்தைக்கு,

மெட்டில்டா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, தபீதாள் அக்கா, நான், கோழி எல்லாரும் சுகம். பாளையங்கோட்டையில் உங்கள் சுகத்துக்கும், உங்களிடம் பௌதிகம் படிக்கும் பெண்களின் சுகத்துக்கும் தினமும் ஜெபிக்கிறோம். நேற்று அப்பா அடித்த தந்தி வந்து சேர்ந்திருக்கும். "நிச்சயதார்த்தம் இல்லை, புறப்படாதே" என்பதை மட்டும் படித்துவிட்டு என்னவெல்லாம் நினைத்தீர்களோ! அத்தை, தயவுசெய்து புறப்படுங்கள். அக்காவின் நிச்சயதார்த்தம் சனிக்கிழமை நடக்கும். இதைச் சொல்ல இன்னொரு தந்தி போதும்தான், ஆனால் ஓம் விதியைத் தந்தியில் அடக்க முடியாது.

மாப்பிள்ளை ஐசக் அத்தான் குரோம்பேட்டையில் மின்சாமான் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். விசேஷத்துக்கு வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று அவர் ஐந்து புது பல்புகள் கொண்டுவந்து மாட்டினார், ஒவ்வொன்றிலும் "60 வாட்" என்று அச்சடித்திருந்தது. எனக்குப் பௌதிகத்தில் ஆசை என்பதால் மின்தடையை அளக்கும் மீட்டர் ஒன்றையும் இரவல் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஒரு பல்பைக் கழற்றி அளந்தேன். அறுபத்தைந்து ஓம். வீட்டுக்கு வரும் மின்சாரம் இருநூற்று முப்பது வோல்ட் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதை அறுபத்தைந்தால் வகுத்தால் மூன்றரை ஆம்பியர், அந்த மூன்றரையை மறுபடி வோல்ட்டால் பெருக்கினால் வாட். எண்ணூறு! மூன்று தடவை போட்டுப் பார்த்தேன் அத்தை, மூன்று தடவையும் எண்ணூறுக்கு மேல்தான். சத்தியம் என்று நினைத்து ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? "அஞ்சு பல்பு சேந்தா நாலாயிரம் வாட்! வூட்டையே கொளுத்திடும்! அறுபதுன்னு பொய் அச்சடிச்சு விக்கறவனுக்கா பொண்ணு குடுக்கறது?" என்று கத்திக்கொண்டே மெயின் சுவிட்சை அணைத்து, பல்புகளையெல்லாம் வெடிகுண்டைத் தூக்குகிறமாதிரி தூக்கிப்போய், உடையாமல் இருக்க வைக்கோல் இருக்கிற இடம் என்று பார்த்து, கோழிக்கூடையில் வைத்துவிட்டார். எங்கள் கோழி அடைக்கு உட்கார இடம் தேடிக்கொண்டிருந்த நேரம். அது ஐந்தின்மேலும் சிறகை விரித்து உட்கார்ந்துவிட்டது.

இருட்டிவிட்டது. அம்மா கூடம் முழுக்க மெழுகுவத்தி ஏற்றினாள். அக்கா சுவர் ஓரமாக உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருக்க, அப்பா கோவிலுக்குப் போன வெள்ளைச் சட்டையோடு குறுக்கும் நெடுக்கும் நடக்க, பக்கத்து வீட்டு அம்மணி அக்கா எட்டிப் பார்த்தவர் வாசலிலேயே மார்பில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, யார்மா பூட்டாங்க? கார்த்தாலகூட எல்லாரும் நல்லாத்தானே இருந்தீங்க!"

"யாரும் போகல அம்மணி, பல்புதான் போச்சு" என்றாள் அம்மா.

"பல்புக்கா இத்தினி மெழுவத்தி ஏத்திகினு அழுவுறீங்க? நாங்க மனுசனுக்கே ஒண்ணுதான் ஏத்துவோம்!"

திங்கட்கிழமை காலையில் அப்பா தாம்பரம் போய்த் தந்தி அடித்துவிட்டு வந்தார். அக்கா சாப்பிடவில்லை. ஆனால் மத்தியானம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் ஜடையைப் பிடித்தாள். "ஏண்டி, பல்பை எரியறப்போ அளந்தியா, அணைஞ்சிருக்கறப்போ அளந்தியா?"

"அணைஞ்சிருக்கறப்போதான். எரியறப்போ இந்த மீட்டரை வெச்சா மீட்டர் எரிஞ்சிடும்."

"தூங்கறவன் மூச்சை எண்ணிட்டு, ஓடறவனுக்குத் தீர்ப்பு சொல்றியா? எரியறப்போ அளந்து சொல்லுடி. இல்லேன்னா உன்னோட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்."

கம்பி சூடானால் தடை கூடும் என்று அடுத்த பாடத்தில்தான் இருக்கிறது, அதுவரை நான் போகவில்லை! உடனே அத்தானுக்குச் சொல்லியனுப்பினோம். சாயங்காலம் அவர் வோல்ட்மீட்டர், அம்மீட்டர் இரண்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார், வேர்த்து விறுவிறுத்து. அப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை. பல்பு வேண்டுமே, கோழி விடவில்லை. அப்பா கை வைத்தார், கொத்திற்று. அத்தான் கை வைத்தார், கொத்திற்று. "கோழிக்குத் தெரியுது யாரு எப்படின்னு" என்றார் அப்பா. "உங்களையும்தானே மாமா கொத்திச்சு?" என்றார் அத்தான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கடைசியில் அக்காதான் கோழியைத் தடவிக்கொடுத்து ஒரு பல்பை எடுத்தாள். இளஞ்சூடாக இருந்தது.

அத்தான் இணைப்புக் கொடுத்தார், முள்ளை நான் படித்தேன். நூற்றுத் தொண்ணூறு வோல்ட். ஆம்பியர், காலுக்கும் ஒரு துளி கீழே. வகுத்தேன். எண்ணூறு ஓம்! அறுபத்தைந்து இல்லை அத்தை, எண்ணூறு! தடை இத்தனை கூடினால் வாட் அத்தனை இறங்கிவிடும். நான் கூடத்தில் ஒரு சுற்று ஆடியே விட்டேன். பல்பு நிரபராதி, அத்தான் நிரபராதி. அப்பா தொண்டையைச் செருமிவிட்டு "உக்காருங்க மாப்ளே" என்றார், அம்மா காப்பி கொண்டுவந்தாள்.

ஆகவே சனிக்கிழமைக்கு முன்னதாகவே வந்துவிடுங்கள். அம்மாவின் அன்பும், அப்பாவின் கொஞ்சம் தாழ்ந்த குரல் ஸ்தோத்திரமும். உங்கள் பிரயாணத்தில் கர்த்தர் கூடவே உட்கார்ந்து வருவாராக.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
மெட்டில்டா

பி.கு.: கவரை ஒட்டப் பசை எடுத்துவரப் போன நேரத்தில் அப்பா என் கணக்கைப் பார்த்துவிட்டார். நான் சந்தோஷத்தில் வகுத்ததோடு நிறுத்தியிருந்தேன், அப்பா ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கிவிட்டார். நாற்பத்தைந்து வாட்தான் வந்தது. "அறுபதுன்னு அச்சடிச்சு நாப்பத்தஞ்சு குடுக்கறான்!" என்று மறுபடியும் எழுந்துவிட்டார். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்குப் போடுவதால் நம் தெருவில் வோல்ட் இறங்கிவிடுகிறது, முழு வோல்ட் வந்தால் முழு அறுபதும் கொடுக்கும் என்று நான் சொல்லச் சொல்ல, "குடுத்த வாக்கைக் காப்பாத்தாததுக்கு வோல்ட்டு ஒரு சாக்கா?" என்று இன்னொரு தந்தி அடிக்கச் சட்டையை எடுத்துவிட்டார். ஆகையால் புறப்பட வேண்டாம் என்று எழுதப் பேனாவைத் திறந்தேன் அத்தை. அப்போது அக்கா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து, அப்பா முகத்தை நேரே பார்த்து, "எனக்கு நாப்பத்தஞ்சே போதும்பா" என்றாள். அப்பாவுக்கு ஒரு கை சட்டைக்குள், ஒரு கை வெளியே. அப்படியே என் பக்கம் திரும்பி, "அத்தைய எந்த வண்டில வரச்சொல்லி எழுதியிருக்கே?" என்றார்.