தேஜஸ்ரீ தன்னைக் கண்டறிந்த சான்று

அருள்புரத்தில் லிங்கசாமி நடத்திவரும் பனியன் கம்பெனியில் தீயணைப்பான்கள் இருபத்திரண்டு இருந்தன. முதலுதவிப் பெட்டிகள் பதினொன்று இருந்தன. அவற்றுள் ஆறில் மருந்தும் இருந்தது. குறைகேட்புப் பெட்டி ஒன்று பூட்டோடு இருந்தது, சாவிதான் எங்கே போனதென்று தெரியவில்லை. இவ்வளவு இருந்தும், தன்னைத் தானே கண்டறிந்த ஊழியர் என்று ஒருவர்கூட அங்கே இல்லை என்பது சென்ற மாத ஆடிட்டில் வெளிப்பட்டுவிட்டது.

பனியன்களை வாங்கும் ஐரோப்பிய பையர் அனுப்பியிருந்த புதிய நெறிமுறையில் பதினேழாவது விதி தெளிவாகச் சொல்லியது: நிறுவனத்தின் ஊழியரில் குறைந்தது ஒருவராவது, முதுகில் பையுடன் தனியே அயல்நாடு சென்று, தன்னைக் கண்டறிந்து திரும்பியிருக்க வேண்டும், அதற்கான ஆதாரம் கோப்பில் இருக்க வேண்டும். அடுத்த ஆடிட்டுக்குள் இது நடக்காவிட்டால் கோடைக்கால ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும்.

முதலாளி லிங்கசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படிக்கச் சொன்னார். விதிமுறைகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் மேனேஜர் செந்தில்வேல் படித்தார்.

"ஏனுங்க செந்தில்வேல், இதென்னங்க புதுசா இருக்குது?"

"அங்கெல்லாம் இப்ப இதுதானுங்க ஃபேஷன். பேக்பேக்கர்னு பேருங்க. எல்லாத்தையும் உட்டுப்போட்டு முதுகுல ஒரு பையோட கெளம்பிப் போறதுங்க."

"நம்ம லேபரெல்லாம் அப்படித்தானுங்களே வந்தாங்க? ரயிலடியில போய்ப் பாருங்க, எறங்கற அத்தனை பேரு முதுகுலயும் பைதான்."

"அவங்க வேலையைத் தேடி வந்தவங்க. அது செல்லாதுங்க முதலாளி. தன்னைத் தேடிப் போகோணும்."

யாரை அனுப்புவது என்று பார்த்தபோது, பாஸ்போர்ட் வைத்திருந்தது மெர்ச்சன்டைசர் தேஜஸ்ரீ மட்டுமே. ஆகவே தேட வேண்டியவர் அவர்தான் என்று ஒருமனதாக முடிவாயிற்று. தாய்லாந்தில் சியாங் மாய் என்ற ஊர் இதற்குப் பேர்போனது என்று இணையத்தில் செந்தில்வேல் கண்டுபிடித்தார். லீவு மூன்று நாள். போக ஒரு நாள், வர ஒரு நாள். எஞ்சிய ஒரு நாளில் அவள் தன்னைக் கண்டறிந்துவிட வேண்டும்.

தேஜஸ்ரீக்கு உள்ளபடியே சந்தோஷம்தான். இருபத்தாறு வயது. பையருக்குப் பதில் எழுதுவது, டையிங்குக்குப் போன் போடுவது, பிரின்டிங்கில் கெஞ்சுவது என்று பகலெல்லாம் கையில் போன். வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை ஜாதகங்கள் அதே போனில் வந்து விழும். அரை மணி நேரம் யாரும் கூப்பிடாமல் அவள் உட்கார்ந்ததாக அவளுக்கே நினைவில்லை. சியாங் மாய்க்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஓர் ஏரி இருப்பதைப் படத்தில் பார்த்திருந்தாள். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது தண்ணீரெல்லாம் சிவக்குமாம். போனைப் பைக்குள் போட்டுவிட்டு அங்கே சும்மா உட்கார வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

பையைக் கம்பெனி சாம்பிள் பிரிவிலேயே தைத்துக் கொடுத்தார்கள். ஓவர்லாக் டைலர் பாண்டியம்மாள், சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பதினாறு வருடம் ஆனவள், பையின் பட்டியை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்லபடியா கண்டுபிடிச்சிட்டு வந்துரு தாயி. ஆர்டர் போச்சுன்னா முதல்ல எங்க தையல் லைனைத்தான் நிப்பாட்டுவாங்க."

பைக்குள் இரண்டு ஜோடி துணியும், அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கும், பதினேழாம் விதிக்கான படிவம் மூன்று பிரதிகளும் இருந்தன.

சியாங் மாயில் காலை எட்டு மணிக்கு ஹாஸ்டலுக்குள் நுழைந்தாள். எட்டு பேர் படுக்கும் அறையில் அவளுக்கு மேல்தட்டுப் படுக்கை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, செந்தில்வேலின் போன் வந்தது.

"தேஜஸ்ரீங்களா? போய்ச் சேர்ந்துட்டீங்ளா? படிவத்துல தேடல் ஆரம்பிச்ச நேரம்னு ஒரு கட்டம் இருக்குது பாருங்க, அதை ஃபில் பண்ணிடுங்க. அப்புறம் அந்த ரூம்ல தீயணைப்பான் இருக்குதுங்களா?"

"வெளியில நடையில ஒண்ணு இருக்குதுங்க சார்."

"எக்ஸ்பைரி டேட்டோட ஒரு போட்டோ அனுப்புங்க. அது இல்லாத இடத்துல நம்ம ஆளு தன்னைக் கண்டறிஞ்சா நான்-கன்ஃபார்மிட்டினு ஆடிட்டுல குறை எழுதிருவாங்க."

அவள் போட்டோ எடுப்பதைக் கீழ்ப் படுக்கையிலிருந்து ஒரு செந்தாடிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். யானைப் படம் போட்ட தொளதொள கால்சட்டை. அறையில் இருந்த மற்ற ஐந்து பேரும் அதே கால்சட்டைதான் போட்டிருந்தார்கள். அடுத்தவரைப் போல் இருக்கப் பிடிக்காமல் ஆளாளுக்கு வாங்கியதாம். தேஜஸ்ரீ வழக்கம்போல் முதலில் அடித் தையலைப் பார்த்தாள். நூல் பிரிந்து தொங்கியது.

நீ எதற்கு வந்தாய் என்று அவன் இங்கிலீஷில் கேட்டான். தன்னைக் கண்டறிய என்றாள்.

"நானும்தான். பதினொரு மாதம் ஆகிறது."

"பதினொரு மாதமா? இன்னும் கண்டறியவில்லையா?"

"அது அவ்வளவு சுலபமில்லை."

"படிவம் ஏதாவது வைத்திருக்கிறாயா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். படிவம் இல்லாமல் தேடினால் பதினொரு மாதம் ஆகத்தான் செய்யும் என்று தேஜஸ்ரீ நினைத்துக்கொண்டாள். ஆனாலும் உடனே பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவளுக்குச் சாயங்காலம் வரைதான் நேரம்.

பத்து மணிக்கு ஒரு பழைய கோயிலுக்குப் போனாள். மரத்தடியில் பையுடன், அடையாள அட்டை தெரிய, கண்ணை மூடி அமர்ந்திருக்கும் நிழற்படம் ஒன்று வேண்டும் என்பது விதி. துப்புரவு செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அனுப்பினாள். மூன்றே நிமிடத்தில் செந்தில்வேலின் போன்.

"சிரிக்கிறீங்களே! சிரிச்சா டூருங்க. தேடல்னா மூஞ்சி கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கோணும்."

சிரிக்காமல் ஒன்று அனுப்பினாள்.

"இது ரொம்பச் சோகமா இருக்குதுங்க. கட்டாய வேலை வாங்கறோம்னு எழுதிப்போடுவாங்க. நடுவாப்புல ஒண்ணு எடுங்களேன்."

நடுவாப்பில் வருவதற்குப் பதினான்கு படம் ஆயிற்று. துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அந்தப் பெரியவர் பதினான்கையும் பொறுமையாக எடுத்தார். இடையில் எத்தனை பேர் அந்தக் கோயிலைச் சுற்றி வந்து, கும்பிட்டு, போனார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கோயிலுக்குள் என்ன சாமி இருந்தது என்பதையும் அவள் பார்க்கவில்லை.

பிறகு படிவத்தின் நான்காம் கட்டத்தை நிரப்பினாள். 'தேடலின்போது ஏற்பட்ட மனமாற்றங்கள், மூன்றுக்குக் குறையாமல்.' கோபம், பசி, கோபம் என்று எழுதி அனுப்பினாள். ஒரே மனமாற்றம் இருமுறை வரக்கூடாது என்று திரும்பி வந்தது. கடைசிக் கோபத்தை அடித்துவிட்டு அமைதி என்று எழுதினாள். அது உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மத்தியானச் சாப்பாட்டில் பாதியில் அடுத்த அழைப்பு.

"கையெழுத்துல ஒரு சிக்கலுங்க. கண்டறிந்தவர் கையொப்பம்னு ஒண்ணு, கண்டறியப்பட்டவர் கையொப்பம்னு ஒண்ணு இருக்குதல்லோ? ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்களே."

"ரெண்டும் நானுதானுங்க சார்!"

"அது எனக்குத் தெரியுமுங்க. ஆனா ஒரே ஆளு ரெண்டு எடத்துல கையெழுத்துப் போட்டா அது பொய் ரெக்கார்டுனு ஆயிரும். கண்டறியப்பட்டவருக்குக் கொஞ்சம் மாத்திப் போடுங்க."

தேஜஸ்ரீ தன் கையெழுத்தைத் தானே மாற்றிப் போட்டாள். கண்டறியப்பட்ட தேஜஸ்ரீயின் கையெழுத்து, கண்டறிந்த தேஜஸ்ரீயின் கையெழுத்தைவிட அழகாகவே அமைந்தது.

மிச்சமிருந்தது உள்ளூர்ச் சாட்சி, முத்திரையுடன். ஹோட்டலில் கேட்டாள், மறுத்தார்கள். மருந்துக்கடையில் கேட்டாள், போலீசைக் கூப்பிடுவோம் என்றார்கள். கடைசியில் ஒரு சந்துக்குள் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டு உள்ளே போனாள். அது ஒரு சலவைக்கடை. துணி வெளுத்துக் கொடுப்பதோடு கிழிசலும் தைத்துக் கொடுக்கிற ஒரு நடுவயதுப் பெண் இருந்தாள்.

தேஜஸ்ரீ போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள். அந்தப் பெண் படித்தாள், தேஜஸ்ரீயை மேலும் கீழும் பார்த்தாள், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஐஸ் போட்ட டீ கொடுத்தாள். கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையையும் குத்தினாள். முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று தேஜஸ்ரீ போனை வைத்துப் பார்த்தாள். 'எண்ணிப் பெற்றுக்கொள்ளப்பட்டது. சாயம் போனால் கடை பொறுப்பல்ல' என்று வந்தது.

இருக்கட்டும், தாய் மொழி யாருக்குத் தெரியப் போகிறது என்று படம் எடுத்து அனுப்பினாள். "அருமைங்க! கவர்மென்ட் சீலாட்டவே இருக்குது" என்று செந்தில்வேல் பாராட்டினார்.

மணி ஐந்தே கால். எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டதாக நினைத்தாள். ஏரிக்கு எப்படிப் போவது என்று கேட்டாள். சலவைக்கடைப் பெண்ணே தெருவுக்கு வந்து, சிவப்பு ஷேர் வண்டி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டாள். அந்த ஊரில் காலையிலிருந்து அவள் கேட்டதற்கு மேலேயும் செய்தவள் இவள்தான். வண்டி கிளம்பியபோது தேஜஸ்ரீ போனைப் பையின் அடியில், முறுக்குக்குக் கீழே புதைத்து ஜிப்பை மூடினாள்.

ஆறு மணிக்கு ஏரிக்கரையில் புல்லில் உட்கார்ந்தாள். படத்தில் பார்த்த அதே மலை. சூரியன் மலை உச்சிக்கு இரண்டு விரற்கடை மேலே இருந்தது. தண்ணீர் மஞ்சளாகி, சிவக்கத் தொடங்கியது. அவளுக்கு மூச்சு நிதானமாக வந்தது.

பை அதிர்ந்தது. விட்டுவிட்டாள். மறுபடி அதிர்ந்தது. ஏழாவது தடவை, பாண்டியம்மாளின் லைன் நினைவுக்கு வந்து எடுத்தாள்.

"தேஜஸ்ரீங்களா? கண்டறிந்த நேரத்தைக் காணமே! சாயங்காலம் சூரியன் மறையறப்பனு போடலாமுங்களா?"

"போடுங்க சார். இப்ப மறையப் போகுதுங்க. ஆறு பத்துன்னு போடுங்க."

"இருங்க, இருங்க. இங்க மணி நாலு நாப்பதுதான் ஆகுது. வெளிய வெயில் காயுது."

"இங்க ஒன்றரை மணி நேரம் முன்னாலீங்க சார்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாதுங்களே! நம்ம ரெக்கார்டு பூராவும் இந்திய நேரம். நாலு நாப்பதுக்குச் சூரியன் மறைஞ்சுதுன்னு எழுதுனா ஆடிட்டர் கேக்கமாட்டாங்களா?"

"அப்ப என்னதாங்க சார் பண்ணோணும்?"

"ஒரு நிமிஷம், முதலாளி பேசறாருங்க."

"கண்ணு, நல்லா இருக்கறயா? சாப்பிட்டயா?" என்றார் லிங்கசாமி. "செந்தில்வேல் சொல்றதைக் கேளு கண்ணு. நம்ம ஊர்ல ஆறே காலுக்கு மேலதான் மறையுது. அதுவரைக்கும் இருந்து ஒரு போட்டோ எடுத்துப்போடு."

"இங்க அப்ப ஏழே முக்கால் ஆயிருமுங்க முதலாளி. இருட்டாயிருமுங்க."

"இருட்டானாலும் சூரியன் மறைஞ்சதுதானே கண்ணு?"

தேஜஸ்ரீ ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சூரியனைக் காணோம். தண்ணீர் கறுத்துக் கிடந்தது. கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து துணியைத் தட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். பிறகு ஏழே முக்கால் வரை கொசுக்கடியில் உட்கார்ந்து, ஒன்றுமே தெரியாத இருட்டைப் படம் எடுத்து, 'சூரியன் மறையும் காட்சி, மாலை 6.15' என்று எழுதி அனுப்பினாள். படிவத்தின் அடியில் குறிப்பு என்று ஓர் இடம் காலியாக இருந்தது. ஆத்திரத்தோடு அதில் இங்கிலீஷில் எழுதினாள்: 'இன்று முழுவதும் நிர்வாகம் என்னை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடவில்லை.'

மறுநாள் அருள்புரத்தில் ஆடிட். குறிப்பைச் செந்தில்வேல் படித்திருக்கவில்லை. கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்றுதான் அவர் பார்ப்பார். ஆடிட்டர் அந்த வரியை இருமுறை படித்து அடிக்கோடு போட்டபோதுதான் செந்தில்வேல் எட்டிப் பார்த்துப் படித்தார். ஆடிட்டர் நிதானமாக எழுதினார்: 'அயல்நாட்டிலும் ஊழியர் ஒரு நிமிடம்கூடத் தனித்து விடப்படவில்லை. நிர்வாகத்தின் அக்கறை மற்ற நிறுவனங்களுக்கு முன்மாதிரி.'

பதினேழாம் விதிக்கு முழு மதிப்பெண். ஆர்டர் தங்கியது. பையர் நிறுவனத்தார் மகிழ்ச்சி தாங்காமல், அடுத்த சீசனிலிருந்து ஊழியர் அனைவரும் தம்மைக் கண்டறிய வேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள். எண்ணூற்று நாற்பது பேரைத் தாய்லாந்து அனுப்ப முடியாது என்பதால் கேன்டீன் சுவரில் ஏரியும் மலையும் இறங்கும் சூரியனும் வரையப்பட்டன. முன்னனுபவம் உள்ளவர் என்ற முறையில் தேஜஸ்ரீ கண்டறிதல் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனாள். தனி மேசை, கூடுதலாக ஒரு போன்.

முதல் பேட்ச்சில் பாண்டியம்மாள் வந்தாள். சுவருக்கு முன்னால் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சிரிக்காதீங்க அக்கா. சோகமாவும் வேண்டாம். நடுவாப்புல."

பாண்டியம்மாள் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள் தளர்ந்தது, நெற்றிச் சுருக்கம் விட்டது, மூச்சு நிதானமாக வந்தது. ஏரிக்கரையில் தனக்கு வந்ததும் இதே மூச்சு என்று தேஜஸ்ரீக்குத் தெரிந்தது.

"தாயி, இப்படியே இன்னும் அஞ்சு நிமிசம் இருந்துக்கிடட்டுமா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள் பாண்டியம்மாள்.

தேஜஸ்ரீ கடிகாரத்தைப் பார்த்தாள். வாசல்வரை வரிசை நின்றது. ஆளுக்கு ஒன்றரை நிமிடம் ஒதுக்கியிருந்தது.

"கண்டறிஞ்சாச்சுங்க அக்கா. எந்திரிங்க. கையெழுத்தை மட்டும் ரெண்டு விதமா போட்டுட்டுப் போங்க" என்றாள்.

இப்போது அந்தக் கம்பெனிச் சட்டைகளின் கழுத்துக்குப் பின்னால், 'தன்னைக் கண்டறிந்த ஒருவர் தைத்தது' என்று ஒரு சின்னப் பட்டி வருகிறது. உங்களிடமும் ஒன்று இருக்கலாம். தேடிப் பார்க்க வேண்டாம். முதுகில் குத்துகிறது என்று வாங்கிய அன்றே கத்தரித்துப் போட்டிருப்பீர்கள்.