எதிரியின் முதுகெலும்பும் என் மணிக்கட்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழில் முப்பது ஆண்டுகளாக 'விழித்திரு' என்ற பத்தியை எழுதிவரும் நான், இடது கையால் தெரிவித்துக்கொள்ளும் வணக்கம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் சுகமாக இருப்பீர்கள், அச்சு இயந்திரமும் மக்கர் செய்யாமல் ஓடும் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடப்பதைப் பொறுத்தருள வேண்டும். வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருக்கிறது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். சொந்த வீட்டில் சொந்த மேசை இருக்கும்போது வாளிமேல் ஏன் உட்கார வேண்டும் என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

முதலில் கோரிக்கை. கடந்த ஆறு வாரங்களாக என் பெயரில் வெளிவந்த கட்டுரைகளில் உள்ள கருத்துகள் என்னுடையவை அல்ல. இதை வரும் ஞாயிறு இதழில் ஒரு விளக்கமாகக் கட்டம் கட்டி வெளியிட வேண்டும். அதே சமயம், அதைப் படித்து என் சம்பந்தியின் மனம் இம்மியளவும் புண்படக் கூடாது. என் ஒரே பெண் அவர் வீட்டில்தான் வாழ்கிறாள். வெளியிடாவிட்டால் முப்பது வருஷப் பேச்சு போய்விடும். வெளியிட்டால் பெண் வீட்டு நிம்மதி போய்விடும். இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் எப்படி அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தாங்கள் பத்திரிகைக்காரர், வழி தெரிந்திருக்கும்.

நடந்தது இதுதான். என் அறைச் சுவரில் ஒரு பெரிய வரைபடம் இருப்பது தங்களுக்குத் தெரியும். நமது படைகளுக்கு நீலக் குண்டூசி, அண்டை நாட்டுக்குச் சிவப்பு, இன்னும் யார் பக்கம் என்று முடிவு செய்யாதவர்களுக்கு மஞ்சள். அன்று காலை வானொலிச் செய்தி கேட்டதும், எதிரியின் கடற்படையை இரண்டு விரற்கடை வடக்கே தள்ள வேண்டியதாயிற்று. வடக்கு எட்டவில்லை. சுழல் நாற்காலிமேல் ஏறினேன். நாற்காலி தன் தொழிலைச் செய்தது. கண் விழித்துப் பார்த்தால் நான் தரையில், கடற்படை என் சட்டைக் காலரில், மணிக்கட்டு வேறு திசையில். என் மனைவி ஓடிவந்து, "இன்னும் சண்டையே ஆரம்பிக்கல, அதுக்குள்ள முதல் ஆளா நீங்க விழுந்தாச்சா?" என்றாள். ஆட்டோ பிடித்துக்கொண்டே இதையும் சொன்னாள் என்பதைப் பதிவுசெய்கிறேன்.

கட்டுரை எழுதக் கை இல்லை. கம்ப்யூட்டர் பக்கம் நான் போவதில்லை. மனைவியிடம் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன். இரண்டாவது வாக்கியத்திலேயே, "இதைத்தானே போன வாரமும் எழுதினீங்க?" என்று பேனாவை மூடிவிட்டாள். அப்போதுதான் பெண்ணிடமிருந்து போன் வந்தது. "அப்பா, நீங்க கவலையே படாதீங்க. மாமா இங்க சும்மாதான் இருக்கார். அழகா டைப் அடிப்பார். நாளைக்கே அனுப்பறேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சம்பந்தி வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல எவனால் முடியும்? மறுநாள் விடிவதற்குள் அவர் ஒரு பெட்டி, ஒரு தலையணை, முதுகுக்கு வைத்துக்கொள்ளும் ஒரு பலகை சகிதம் வாசலில் நின்றார். எல்லையில் சோதனைச் சாவடிகளைப் பற்றி நான் எழுதாத வாரமில்லை. என் வாசலில் அவரை வரவேற்று, பெட்டியை இடது கையால் நானே தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கமான மனுஷர். அதுதான் சங்கடமே. மின்சார இலாகாவில் புகார்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஊரே இருட்டில் உட்கார்ந்து வசைபாடி எழுதும் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதியவர். எதையும் ஒப்புக்கொள்ளாமல், எதையும் மறுக்காமல், கடைசியில் புகார் கொடுத்தவனே மன்னிப்புக் கேட்கும்படி பூசி மெழுகுவதில் அவருக்கு நிகர் கிடையாது. அவருக்கு அரசியல் கருத்து என்று ஒன்றும் இல்லை. வாக்கியம் யாரையும் குத்தக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் கட்டுரைக்கு உட்கார்ந்தோம். "எதிரியின் முதுகெலும்பை முறிப்பதே ஒரே வழி" என்று ஆரம்பித்தேன். அவர் விரல்கள் நின்றுவிட்டன. என் கட்டைப் பார்த்தார். "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கையைப் பாத்துகிட்டே முறிக்கறதுன்னு அடிக்க மனசு வரல. 'முதுகெலும்பு குறித்து அவர்கள் சிறிது யோசிப்பது நல்லது'ன்னு போட்டுக்கலாமா?" என்றார். கண் கலங்கியிருந்தது. என்ன செய்ய? "ஒரு வார்த்தைதானே, போட்டுக்கோங்க" என்றேன். எல்லையில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முப்பது வருஷம் கத்தியவன், அந்த வாரம் முடிவதற்குள் நான்கு பத்தி விட்டுக்கொடுத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் நன்றி சொன்னார்.

இரண்டாவது வாரம் பாதுகாப்புச் செலவு. வலிமையான நாட்டைத்தான் பக்கத்து நாடு மதிக்கும், ஆகவே ஒதுக்கீட்டை இரண்டு மடங்காக்கு என்பது என் நிலை. இன்றும் அதுதான் என் நிலை. சம்பந்தி பேனாவால் கன்னத்தைத் தட்டிக்கொண்டு யோசித்தார். "ரெண்டு மடங்குன்னு எண்ணிக்கையைச் சொல்லிட்டீங்கன்னா நாளைக்கு உங்களையே பிடிச்சுக்குவாங்க. எங்க இலாகாவுல எண்ணிக்கையே சொல்ல மாட்டோம் சம்பந்தி. 'ஆவன செய்யப்படும்'னு விட்டுடுவோம். யாரும் ஒண்ணும் கேட்க முடியாது பாருங்க." அந்த வாரம் தேசப் பாதுகாப்பைப் பற்றிய என் கட்டுரை 'ஆவன செய்யப்படும்' என்று முடிந்தது. தாங்கள் அதைத் தலைப்பிலும் போட்டிருந்தீர்கள்.

மூன்றாவது வாரம் கட்டாய இராணுவப் பயிற்சி. எல்லா இளைஞர்களும் இரண்டாண்டு சீருடை அணிய வேண்டும் என்று முழங்கினேன். அவர் ஒன்றும் திருத்தவில்லை. அடித்து முடித்துவிட்டு, மெதுவாக, "நம்ம பேரனும் போகணுமில்ல?" என்றார். பேரனுக்கு நாலு வயது. பள்ளிக்கூட வேனில் ஏற்றுவதற்கே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. "அவன் வளந்தப்புறம்தானே" என்றேன். "வளந்தப்புறம்தான்" என்றார் அவர். 'எல்லா இளைஞர்களும்' என்பதை 'விருப்பமுள்ள இளைஞர்கள்' என்று மாற்றச் சொன்னது, உண்மையைச் சொன்னால், நான்தான். அந்த ஒரு திருத்தத்தை மட்டும் விளக்கத்தில் சேர்க்க வேண்டாம்.

நான்காவது வாரம் நான் டாக்டரிடம் போயிருந்தபோது சம்பந்தி என் அறையைத் தூசி தட்டியிருக்கிறார். திரும்பி வந்தால் சுவர் பளிச்சென்று இருக்கிறது. குண்டூசி ஒன்றுகூட இல்லை. சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் மூன்று சிறு டப்பாக்களில். "படமெல்லாம் ஓட்டை ஓட்டையா இருந்துது. இப்ப பாருங்க, கலர் கலரா பிரிச்சு வெச்சுட்டேன், உங்களுக்கு எடுக்கவும் ஈஸியா இருக்கும்" என்றார். ஐந்து ஆண்டுகளாக நான் நிறுத்திவைத்த மூன்று படைகளும் மூடி போட்ட டப்பாவில் தூங்கின. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கை ஏற்கெனவே ஓடாத கைதான். என் மனைவியோ, "அண்ணா, இந்தச் சுவரோட கலர் என்னன்னே எனக்கு மறந்துபோயிருந்துது" என்று அவருக்கு இன்னொரு டம்ளர் தேநீர் கொடுத்தாள். முப்பது வருஷமாக அவள் சொல்லி நான் கேட்காததையெல்லாம் சம்பந்தி சொல்லி நான் கேட்கிறேனாம். அடுப்படியில் அப்படி ஒரு வெற்றிப் பாட்டு.

விஷயம் வெளியே பரவாமல் இருக்குமா? ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் நேரில் வந்துவிட்டார். முன்னாள் படைவீரர் மன்றத்தின் தலைவர், என் பத்தியை வெட்டி ஒட்டி வைப்பவர். ஆண்டு விழாவில் எனக்கு ஒரு வாள் பரிசளிப்பதாக இருந்தார்கள். உட்காராமலே, "உங்க உடம்புக்கு ஏதாவதா? போன வாரம் 'அண்டை நாட்டின் சிரமங்களையும் நாம் உணர்கிறோம்'னு எழுதியிருக்கீங்களே, காய்ச்சலா?" என்று கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் சம்பந்தி தேநீரோடு வந்து, "நீங்க நின்னுகிட்டே பேசறது எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றார். கர்னல் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் கர்னல் வீட்டு மீட்டர் தாறுமாறாக ஓடுவது தெரியவந்தது. சம்பந்தி அங்கேயே ஒரு மனு அடித்துக் கொடுத்தார். கர்னல் அதை இரண்டு முறை படித்து, "எவ்வளவு மரியாதையா, அதே நேரத்துல எவ்வளவு அழுத்தமா இருக்கு!" என்று அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். மூன்று போர்க்களம் கண்டவர் ஒரு டம்ளர் தேநீரில் சரணடைந்ததை நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாள் இந்த வருஷம் யாருக்கு என்று அவர் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் மேல் தங்கள் கடிதம். 'விழித்திரு'வுக்கு இதுவரை வராத அளவு வாசகர் கடிதங்கள் வருகின்றன, பெண்கள்கூடப் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். போன வாரம் சம்பந்தி பத்தியின் பெயரையே 'விழித்திருக்கலாமே' என்று மாற்றி அனுப்பியதைத் தாங்கள் ரசித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அது என் தலைமேல் இடி. அடுத்த வரி அதைவிடப் பெரிய இடி: அண்டை நாட்டுக்குப் போகும் நல்லெண்ணக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்களாம், ஞாயிறு இதழில் அறிவிக்கப் போகிறீர்களாம். ஐயா! எந்த நாட்டுக்குள் நமது பீரங்கிகள் போக வேண்டும் என்று எழுதினேனோ, அந்த நாட்டுக்குள் நான் பூங்கொத்தோடு போவதா? அவர்கள் என் பழைய கட்டுரைகளைப் படித்திருந்தால் என்ன ஆவது? படிக்கவே இல்லை என்றால் அது இன்னும் அவமானம் அல்லவா?

ஆகவேதான் மாடிக்கு வந்தேன். மூன்று நாளாக, சம்பந்தி மதியம் கண்ணயரும் நேரம் பார்த்து எழுதுகிறேன். நேற்று பாதியில் அவரே துணி உலர்த்த மேலே வந்துவிட்டார். தொட்டிக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு குந்தியிருந்தேன். எதிரி ஊடுருவல் பற்றி எத்தனை எழுதியிருக்கிறேன். ஒளிந்துகொள்வது இவ்வளவு முட்டிவலி என்று ஒரு வரியாவது எழுதியிருக்கிறேனா? என் சட்டைகளையெல்லாம் அவரே உதறி உதறிக் காயப்போட்டார். பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் கொள்கை கொள்கைதான். கடைசியாக யோசித்ததில், அந்த ஆறு கட்டுரைகளிலும் நேர்ந்தவை அச்சுப்பிழைகள் என்று போட்டுவிட்டால் யார் மனமும் புண்படாது என்று தோன்றுகிறது. பழியைத் தங்கள் அச்சுக்கோப்பாளர் பெரிய மனதுடன் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தங்கள் துணைவியாருக்கு என் மரியாதையும், உதவி ஆசிரியர்களுக்கு என் ஆசியும், என் பழைய கையெழுத்தைப் படித்துப் படித்துக் கண்ணாடி மாற்றிய பிழை திருத்துபவருக்கு என் வருத்தமும் உரித்தாகுக. தங்கள் இதழும் இந்த தேசமும் நீடு வாழ்க.

இப்படிக்கு,
என்றும் விழித்திருக்கும்,
தங்கள் பத்தி எழுத்தாளன்

பின்குறிப்பு: கையெழுத்து திருந்தியிருக்கிறதே என்று பார்க்காதீர்கள். இது வலது கை. இன்று மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கடிதத்தைத் தபாலில் போட மடித்து வைத்திருந்தேன்; ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பிரித்து இதை எழுதுகிறேன். பெண் என்னைப் பார்க்க வந்திருந்தாள். "கட்டு பிரிச்சாச்சா?" என்று கேட்டாள். குரலில் சந்தோஷமே இல்லை. என்னம்மா என்றேன். பொலபொலவென்று கொட்டிவிட்டாள். "அப்பா, எங்க வீட்ல நானும் அவரும் ஒரு சண்டைகூட உருப்படியா போட முடியாதுப்பா. நான் ஒண்ணு சொன்னா, 'அவ சொல்ல வந்தது அது இல்லப்பா'ன்னு மாமா மாத்திச் சொல்லுவார். அவர் ஒண்ணு சொன்னா அதையும் மாத்திடுவார். கோவத்தை எங்க கொண்டுபோய்க் கொட்டறது? வருஷக்கணக்கா எல்லாம் உள்ளேயே கிடந்து, ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே பிடிக்காம போச்சு. மாமா உங்ககிட்ட வந்த இந்த ஆறு வாரமாத்தான் ரெண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தறோம். கத்தி முடிச்சு சிரிச்சுக்கறோம். இன்னும் ரெண்டு மாசம் மட்டும் வெச்சுக்கோங்கப்பா. மாமா நல்லவர்ப்பா, அவர் மனசு நோகவும் கூடாது." அவள் என் பெண்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை, பெருமை இன்றுதான் வந்தது.

உள்ளே போய், கட்டுப் போடுபவரிடம் மறுபடி ஒரு கட்டுப் போடச் சொன்னேன். "எலும்பு நல்லா கூடிடுச்சே சார்?" என்றார். "எனக்குக் கூடிடுச்சு. வேற ஓர் இடத்துல இன்னும் கூடணும்" என்றேன். துணிக்கட்டாகப் போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டார். ஆகையால் விளக்கம் வேண்டாம். மேலே எழுதியது எல்லாம் வேண்டாம். அச்சுக்கோப்பாளரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். நல்லெண்ணக் குழுவுக்கு வருகிறேன் என்று அறிவித்துவிடுங்கள். கை இப்படி இருப்பதால் துணைக்கு ஒருவரை அழைத்துவர அனுமதி வாங்கித் தாருங்கள். அந்த நாட்டு அமைச்சர்கள் நம்மைத் திட்டி வைத்திருக்கும் அறிக்கைகளோடு சம்பந்திக்கு எதிரே உட்காரப் போவதை நினைத்தால், முப்பது வருஷத்தில் முதல் முறையாக எனக்கு அவர்கள்மேல் பாவமாக இருக்கிறது.