ஆட்டத்துக்கு நாடி பார்ப்பவர்

எதைக் கண்டாலும் அது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று நாடி பிடித்துப் பார்க்கிற ஓர் இனம் நம் நடுவே உலவுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வானொலி செத்துவிட்டது என்பார்கள், கடிதம் செத்துவிட்டது என்பார்கள், மைப்பேனா, சைக்கிள், மத்தியானத் தூக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் இரங்கல் தெரிவித்துவிட்டு, அடுத்தது யார் என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். வருத்தம் இருக்குமா? மருந்துக்கும் கிடையாது. முதலில் சொன்னது நான்தான் என்ற பூரிப்பு மட்டும் முகத்தில் வழியும்.

நம் கதாநாயகர் இந்த இனத்தில் முதல் தரம். தொழிலும் தோதாக அமைந்துவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனியில் வாகன சர்வேயர். விபத்தில் நசுங்கிய கார்களைச் சுற்றி வந்து, டயரை ஷூ நுனியால் ஒரு தட்டுத் தட்டி, "தேறாது" என்று தீர்ப்புச் சொல்வது வேலை. மெக்கானிக்குகள் நடுவே அவருக்குப் பெயரே தேறாது சார்தான். அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமை.

வார நாட்களில் கார்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு விளையாட்டு அவரிடம் மாட்டிக்கொண்டது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, வாளை உருவுவதா ஓட்டம் பிடிப்பதா என்று முடிவெடுத்து, எடுத்த காரியம் பலித்ததா என்பதைப் பகடை உருட்டித் தெரிந்துகொள்கிற ஆட்டம். பெயர் 'ஏழு வாசல்'. கதை சொல்பவர் மருந்துக்கடைக்காரர். மாத்திரையைப் போலவே ஆபத்தையும் வேளைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார். ஆடுபவர்கள் ஒரு டிராயிங் டீச்சர், லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் நம்மவரின் மச்சினன், அப்புறம் நம்மவர். கூடும் இடம் மருந்துக்கடைக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய அறை. கதையில் நம்மவருக்குப் பூட்டுத் திறக்கும் திருடன் வேடம். நன்றாகத்தான் திருடிக்கொண்டிருந்தார், அந்த ஆட்டத்தின் விதிப்புத்தகத்தை அச்சிட்ட கம்பெனி இழுத்து மூடப்படும் வரை.

"ஆட்டம் செத்துப்போச்சுங்க," என்றார் அந்த ஞாயிற்றுக்கிழமை.

"இப்பதானே பூதம் கதவை உடைச்சுட்டு உள்ள வருது?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அது வேற. கம்பெனியே இல்ல. இனிமே புதுப் பதிப்பு வராது."

"பூதம் வருதே."

நம்மவர் விடுவாரா? கம்பெனி மூடினால் சாவு என்றவர், பழைய புத்தகம் நம் கையில் இருக்கிறதே என்று கேட்டதும், புதிதாக ஒருவரும் சேராவிட்டால்தான் சாவு என்று மாற்றினார். மச்சினன் மறு வாரமே தன்னோடு வேலை பார்ப்பவரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்த, சொந்தக்காரன் கூட்டி வந்த ஆள் கணக்கில் வராது என்று அவரையும் தள்ளிவிட்டு, இணையத்தில் அதைப் பற்றி யாரும் சண்டை போடாத நாள்தான் ஓர் ஆட்டத்தின் இறந்த நாள் என்று முடித்தார். வந்த ஆள் மறு வாரம் வரவில்லை. பின்னே வருவாரா?

"சண்டை இல்லாத ஆட்டத்துல உயிர் ஏதுங்க?"

"அப்ப நீங்க இருக்கிற வரைக்கும் இதுக்குச் சாவே கிடையாது சார்," என்றார் டிராயிங் டீச்சர்.

நம்மவருக்குக் கோபம் வந்துவிட்டது. போவதை நிறுத்தினார். அந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு: ஆள் வராவிட்டால் அவருடைய வேடத்தைக் கொல்லமாட்டார்கள், வெளியே குதிரைகளுக்குக் காவல் வைத்துவிட்டுக் கதையை நகர்த்துவார்கள். திருடன் அப்படியே குதிரைகளோடு நிற்க, நம்மவர் வீட்டில் சோபாவில் சாய்ந்தபடி ஆட்டக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் மரண அறிக்கைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் புத்தகத்தையும் பகடைகளையும் ஒரு பையில் போட்டு மனைவியிடம் நீட்டி, "இதை மருந்துக்கடையில குடுத்துடு, எனக்கெதுக்கு," என்றார்.

மனைவி கொடுக்கத்தான் போனார். திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிட்டது.

"ஏங்க, கதையில ஒரு கப்பல் கேப்டனை அழ வெச்சே ஏமாத்திட்டேங்க! உங்க மருந்துக்கடைக்காரரே தலையில கை வெச்சுட்டார்!" என்று வாசலிலேயே சிரித்துக்கொண்டு ஆரம்பித்தார். செருப்பைக் கழற்றவும் தோன்றவில்லை அவருக்கு. தான் பேசி மனைவி இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று நம்மவர் யோசித்துப் பார்த்தார். சுருக்கென்றது.

பிறகு ஒவ்வொரு வாரமும் மனைவி கிளம்பிப் போனார். நம்மவர் தனியாகச் சோற்றைப் போட்டுக்கொண்டு தின்றார். அவருக்குப் போக ஆசை. அடக்க முடியாத ஆசை. ஆனால் செத்ததென்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதோடு போய் விளையாடுவது? ஒரு மத்தியானம் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, தலைவலி மாத்திரை வாங்க வந்தவர்போலக் கடைக்குள் நுழைந்து, பின்னறைக் கதவைத் தள்ளினார்.

உள்ளே கதை உச்சத்தில் இருந்தது. மனைவியின் வேடம் பாதாள அறையில் பூட்டப்பட்டு, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"வாங்க, வாங்க! சரியான நேரம்!" என்றார் மருந்துக்கடைக்காரர். "உங்க திருடன் குதிரைகளை விட்டுட்டு ஓடி வந்துட்டார்னு வெச்சுக்கலாம். பூட்டைத் திறங்க."

மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பகடையை அவர் கையில் திணித்தார். "சீக்கிரம் உருட்டுங்க, கழுத்து வரைக்கும் வந்துடுச்சு."

கை பரபரத்தது. உருட்டியிருந்தால் போதும். அந்த ஸ்டூல் அவருடையது, மனைவியின் சிரிப்பில் பாதியும் அவருடையது. ஆனால் இனத்தின் குணம் சும்மா விடுமா?

"உருட்டறேன். அதுக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணை ஒத்துக்கணும். இது உயிரோட இருக்கிற ஆட்டம்னு நெனச்சு நான் உருட்டல. ஒரு ஆட்டம் செத்துடுச்சுன்னு எப்பச் சொல்லலாம்னா…"

"மூக்குக்கு வந்துடுச்சு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"…மூணு விதமாப் பார்க்கலாம். முதல்ல வியாபாரம்…"

மனைவி அவர் உள்ளங்கையிலிருந்து பகடையை எடுத்துக்கொண்டார். "நான் கதவை உதைச்சே உடைக்கிறேன்," என்று உருட்டினார். விழுந்தது பெரிய எண். அறையே கத்தியது. நம்மவர் அப்போது இரண்டாவது விதத்தில் இருந்தார்.

"மாமா, கொஞ்சம் நகருங்க, வரைபடம் மறைக்குது," என்றான் மச்சினன்.

நகர்ந்தார். கடைவாசல் வரை நகர்ந்து, எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, 'ஏழு வாசல் இன்றோடு இறந்தது' என்று குழுவில் அனுப்பினார். உள்ளே எல்லோருடைய போன்களும் ஒரே நேரத்தில் மேசைமேல் அதிர்வது அவருக்குக் கேட்டது. அதைத் தொடர்ந்து பகடை உருளும் சத்தமும் மனைவியின் சிரிப்பும் கேட்டன. போனை யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. அவர் வெகு நேரம் அங்கேயே நின்றார்.

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால், 'இந்த மாதிரி கிண்டல் கட்டுரையெல்லாம் எப்பவோ செத்துப்போச்சே, இப்ப யார் படிக்கிறாங்க' என்று நடுவில் எங்கேயாவது ஒரு குரல் கேட்டதா? கேட்டிருந்தால் பயப்பட வேண்டாம், ஆரம்ப நிலைதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டார் உங்களை விட்டுவிட்டு எங்கேயாவது கிளம்புகிறார்களா என்று மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.