நான்கு மணி மூன்று நிமிடம்

ஈலே தமரேன், மாஃபாத் மலை
அக்டோபர் 24

என் மூத்த அக்கா ஓதிலுக்கு, தம்பி ஒனேசிம் எழுதிக்கொள்வது.

இங்கே நான், ரோஸ்மே, ஆடுகள் எல்லோரும் நலம். அங்கே நீயும் அத்தானும், முக்கியமாக உன் இரண்டு முழங்கால்களும் நலமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்பது, சனிக்கிழமை நீ திரும்பிப் பார்க்காமல் போனதிலேயே தெரிந்துவிட்டது. தீவைக் குறுக்கே கடக்கும் இந்த மலையோட்டத்தில் நாலு தடவை ஓடி நாலு தடவையும் பாதியில் நின்றவள் நீ. அறுபத்தொரு வயதில் இதுதான் கடைசி ஓட்டம் என்று சேன் லூயி கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தாய். ஓடி முடித்தவர்களுக்குக் கொடுக்கும் அந்த மஞ்சள் பனியனை உன் நாத்தனார் ஜிஸ்லேன் பூசைக்கும் போட்டுக்கொள்கிறாள், பல் பிடுங்கவும் போட்டுக்கொள்கிறாள். உனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் என் பக்கத்தையும் நீ கேட்கவேண்டும்.

முப்பத்தொரு வருஷம் இந்தக் காட்டுக்குக் காவலராக இருந்தவன் நான். காட்டுப் பூ ஒன்றைப் பறித்துத் தலையில் வைத்தாள் என்று கல்யாணமான நாலாம் நாளே ரோஸ்மேக்கு எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்தவன். அதனால்தான் ஓட்டக் கமிட்டிக்காரர்கள் வழியில் இருக்கும் நம் ஊர் முகாமுக்கு என்னை நேரக் கண்காணிப்பாளராகப் போட்டார்கள். நாலு மணிக்குப் பிறகு வருகிறவர்களின் நெஞ்சு நம்பரை வெட்டி எடுத்து ஓட்டத்திலிருந்து விலக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கென்று ஒரு பெரிய கடிகாரமும் அனுப்பியிருந்தார்கள். நானும் அதைத் துடைத்து மேசைமேல் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருக்கும்போது சாமான் இறக்க ஹெலிகாப்டர் வந்தது பார், அது கிளப்பின காற்றில் முகாம் கூடாரம் மரத்தின்மேல் ஏறிக்கொண்டது, கொடியில் காய்ந்த என் உள்ளாடைகள் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குக் குடிபோய்விட்டன, கமிட்டிக் கடிகாரம் ஆடுகூட இறங்காத ஓடைக்குள் விழுந்துவிட்டது. அழுதுகொண்டு உட்கார முடியுமா? எங்கள் அடுப்படிக் கடிகாரத்தைக் கழற்றிக் கொய்யா மரத்தில் மாட்டினேன். இருபது வருஷத்தில் ஒரு நாள் நின்றதில்லை அது.

அடுத்த வினை ரோஸ்மேயின் சமையல். சாசேஜ் ருகாய்க் குழம்பும் பயறும் சோறும் ஆக்கி வைத்துவிட்டாள். இரண்டு நாள் தூங்காமல் ஓடி வந்தவன் அதைச் சாப்பிட்டால் எழுந்திருப்பானா? பதினோரு பேர் ஷூவைக் கழற்றிவிட்டு, ஓட்டமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டார்கள். ஐயா, இந்த ஊருக்கு ரோடே கிடையாது, விலகினவனும் அந்த மலையை மூணு மணி நேரம் ஏறித்தான் வெளியே போகணும் என்றேன். ஓடுறவங்க எந்த வழியா போறாங்க என்று ஒருத்தன் கேட்டான். அதே வழிதான் என்றேன். பதினோரு பேரும் என்னைத் திட்டிக்கொண்டே ஷூவை மாட்டினார்கள். இதற்கு நடுவில் இன்னொருத்தன், சத்துப் பாகு பாக்கெட்டை உறிஞ்சிவிட்டுப் பெரணிப் புதரில் எறிந்தேன் என்று தானாகவே உளறிவிட்டான். அரை மணி நேர இறக்கம் திரும்பிப் போய் அதை எடுத்துவர வைத்தேன். காடு என்ன அவன் வீட்டுக் குப்பைத்தொட்டியா?

சரியாக நாலு மணிக்கு வழியை மறித்துக் கயிற்றைக் கட்டினேன். கட்டின கையோடு எட்டுப் பேர் கும்பலாக வந்தார்கள். எட்டுப் பேரும் கைக்கடிகாரத்தை நீட்டி இன்னும் பதினைந்து நிமிஷம் இருக்கிறது என்றார்கள். பார்த்தாயா, பொய்யிலும் என்ன ஒற்றுமை! கண்காணிப்பாளரின் கடிகாரமே முடிவு என்று விதிப் புத்தகத்தைக் காட்டி எட்டு நம்பரையும் வெட்டினேன். அப்போதுதான் நீ வந்தாய். நாலு மணி மூன்று நிமிடம். தம்பியின் முகாம் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் நீ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாய், நான் கத்தரிக்கோலோடு நின்றேன்.

"என்னடா இது?" என்றாய்.

"மூணு நிமிஷம் தாண்டிருச்சு அக்கா."

"உனக்கு மூக்குச் சிந்தி விட்டவ நான். என்கிட்டயே கத்தரிக்கோலா?"

எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா என்று கேட்டால் நான் என்ன சொல்வது? வெட்டிவிட்டேன். நீ ரோஸ்மேயின் சட்டியிலிருந்து இரண்டு கரண்டி ருகாயை ரொட்டிக்குள் வைத்துக்கொண்டு கேட்டாய்:

"வெளிய போற வழி எது?"

நான் மலையைக் காட்டினேன்.

"அப்போ கயித்தை அவுரு. இனி என் வீட்டுப் பக்கம் வந்தே, கதவு திறக்காது பாத்துக்க."

அக்கா, மூன்று நிமிஷத்துக்காக அறுபது வருஷ உறவை வெட்டிக்கொள்ளாதே. நான் செய்ததில் தப்பே இல்லை, அது மட்டும் நிச்சயம். அத்தானுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். ஜிஸ்லேனுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். தாமதம் பொறுக்காத நம் புனித எக்ஸ்பெதி உன் முழங்கால்களைச் சீக்கிரம் குணமாக்கட்டும்.

இப்படிக்கு,
கடமை தவறாத தம்பி,
ஒனேசிம்

பி.கு.: எழுத்துப் பிழை பார்க்க இதை ரோஸ்மேயிடம் கொடுத்தேன். பாதி படித்துவிட்டு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பூசைக்கு எப்போதும் தாமதமாக வருகிறேன் என்று எனக்குத் தெரியாமல் பதினோரு வருஷமாக அந்தக் கடிகாரத்தைப் பதினைந்து நிமிஷம் முன்னால் வைத்திருக்கிறாளாம்! இதைக் கேட்டு நான் நிற்கும்போதே தபால்காரர் கஸ்தோன் வந்தார். ஓட்டம் முடியும் கடற்கரை மைதானத்துக்கு நீ கடைசிக் கெடுவுக்கு நாற்பது நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தாயாமே, வழியில் எல்லா முகாமிலும் உன் நேரத்தைத் துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்திருக்கிறார்களாமே, நம்பர் இல்லாததால் மட்டும் பனியன் தரவில்லையாமே. அக்கா, நான் பாவி. உன் நம்பரை ரோஸ்மே தைத்துக்கொண்டிருக்கிறாள், மற்ற எட்டையும் அவளேதான் தைக்கவேண்டும். கடிகாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு, நீ போன மலையையே ஏறி, கமிட்டிக்காரர்கள் முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, பனியனை வாங்கிக்கொண்டுதான் உன்னிடம் வருவேன். ஞாயிறு நாலு மணிக்கு உன் வாசலில் நிற்பேன். மூன்று நிமிஷம் தாமதமானாலும் கதவைத் திற, அக்கா.